பன்னிரண்டாம் வண்டியின் தலையும் வாலும்

“பணியில் பிழை என்பதையே அறியாதவர், விடுமுறை நாளையும் பொருட்படுத்தாது வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று, தாம் உருவாக்கிய வண்டியின் நலனைத் தாமாகவே கவனித்து வந்தவர், கழிவு ஏற்றும் முறையில் வெள்ளைக் கோடு என்னும் புதுமையைத் தந்தவர், தன்னடக்கமே உருவானவர்.”

கனத்த காகிதம், ஓரத்தில் தங்கநிறக் கொடி, கண்ணாடி போட்ட சட்டம். இந்த நாலு வரியும் யாரைப் பற்றியவை என்று அந்தப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்: தரைக்காரரைப் பற்றி. தரைக்காரரையே கேட்டால் மட்டும் அவருக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

வீட்டில் அந்தப் பத்திரம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. அதோடு கொடுத்த பிளாஸ்க்கை மட்டும் மனைவி எடுத்துப் புழங்குகிறார். அதிலிருந்து ஊற்றிய டீயைத் தரைக்காரர் தொடுவதில்லை. வாடை வருகிறது என்பார். மனைவி மோந்து பார்த்துவிட்டு, “டீ வாடைதான் வருது. வேற என்ன வரணும்?” என்பார்.

பத்திரத்தில் முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அதுதான் அதன் கோளாறு.

தெருத்தெருவாகச் சின்ன வண்டிகள் அள்ளி வரும் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோக, மேல்பக்கம் திறந்த நாற்பதடி டிரெய்லர்கள் வேண்டும். அவற்றைச் செய்வதுதான் பட்டறையின் தொழில். சுவருக்கு ஒரு பிரிவு, கதவுக்கு ஒரு பிரிவு, சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஒரு பிரிவு. தரைப் பிரிவுக்கு இருபத்திரண்டு வருடமாக இவர்தான் பொறுப்பு. ஐம்பத்து மூன்று வயது, குட்டைக் கழுத்து, எங்கே போனாலும் கண் கீழேதான். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குதிகாலால் தரையை ரெண்டு குத்துக் குத்திப் பார்ப்பார். “ஆசையா வீடு கட்டிக் கூப்பிட்டிருக்காங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? அதென்ன குதிரை மாதிரி கால உதைச்சுக்கிட்டு?” என்று மனைவி திட்டுவது வழக்கம்.

குப்பை என்றால் மெத்தென்று ஏதோ விழும் என்று நினைக்கிறவர்கள் குப்பை கொட்டுவதைப் பார்க்காதவர்கள். உடைந்த சிமெண்டுத் தொட்டி விழும். மழையில் ஊறி மாட்டுக்கனம் கனக்கும் மெத்தை விழும். யாரோ ஒருவருடைய பழைய ஃபிரிட்ஜ், கதவைத் திறந்துகொண்டே விழும். ஒன்றரை ஆள் உயரத்திலிருந்து, வெறும் தகட்டின் மேல், ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. மிச்சத்தை அதிலிருந்து ஊறும் கறுப்புத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இரும்பை அது தின்கிற வேகத்தைப் பார்த்தால் பசியோடு பிறந்தது என்றே தோன்றும்.

பட்டறைப் பேச்சில் டிரெய்லரின் முன்பக்கம் தலை, பின்பக்கம் வால். குப்பை மாற்றும் நிலையத்தில் ஒரு மேடு உண்டு. டிரெய்லர் பின்வாங்கி வந்து மேட்டடியில் வாலை வைத்து நிற்கும். மேட்டின் மேலிருந்து லோடர் வாலில் கொட்டும். பிறகு வாளியால் குத்தி அமுக்கித் தலைப் பக்கமாகத் தள்ளும். ஆகவே இடியெல்லாம் வாலுக்கு. தலைக்கு வந்து சேர்வது தள்ளிவிட்டது மட்டும்.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் தரைத் தகட்டுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டங்களைத் தலை முதல் வால் வரை ஒரே இடைவெளியில்தான் போட்டுவந்தார்கள். டிசைன் மேடம் வந்த பிறகுதான் அது மாறியது. முப்பது வயதுகூட ஆகாத பெண். வந்த முதல் மாதமே தரைக்காரரிடம் ஒரு வரைபடத்தை நீட்டினார்: வால் பாதியில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சட்டம், தலைப் பாதியில் பதினெட்டு அங்குலத்துக்கு ஒன்று. மொத்தம் நாற்பது, இரும்பு கூடவில்லை, இடம்தான் மாறியது.

“மேடம், நாங்க இருபது வருஷமா ஒரே இடைவெளியிலதான் போடுறோம். வண்டி ஓடுது.”

“ஓடுது. வால்ல மட்டும் ஏன் குழி விழுது? தலையில ஏன் விழல?”

தரைக்காரர் குதிகாலால் தரையை ரெண்டு குத்துக் குத்திவிட்டு, வரைபடத்தை வாங்கிக்கொண்டார். அந்தக் கணக்கில் செய்த முதல் வண்டி ஒரு வருடம் ஓடி, குழியில்லாத வாலோடு திரும்பி வந்தபோது, பட்டறையிலேயே மேடத்துக்குப் பெரிய தொண்டர் அவர்தான். “அவங்க கணக்குப் போட்டா இரும்பே ஒத்துக்கும்” என்பார். மேடமும் சளைக்கவில்லை. “தரைக்காரர் பார்த்தா நான் பார்த்த மாதிரி” என்பார். இந்த வாக்கியம் பின்னால் தரைக்காரரின் தொண்டையில் முள்ளாக நிற்கப் போகிறது.

பன்னிரண்டாம் வண்டிக்கு வருவோம்.

தரையைக் கவிழ்த்துப் போட்டுத்தான் செய்வார்கள். கீழே தகடு, அதன் மேல் சட்டங்கள். செய்கிற மேடையிலேயே உளியால் கொத்திய அடையாளங்கள் உண்டு: வாசல் பக்கம் நெருக்கம், சுவர்ப் பக்கம் அகலம். முடிந்ததும் கிரேன் தூக்கி நிமிர்த்தி, பக்கத்தில் சக்கரங்களோடு நிற்கும் சேஸியின் மேல் இறக்கும். சேஸியை வாசல் வழியாக இழுத்து வருவதால் அதன் வால் எப்போதும் வாசலைப் பார்த்தே நிற்கும். நெருக்கமான பாதி தானாக வாலில் உட்காரும். யாரும் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டாத ஏற்பாட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தவருக்கு யோசிக்க வேண்டிய நாள் வந்தால், அந்த நாள் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினாலும் கேட்காது.

அன்று வாசல் பாதையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சேஸி பின்வாசல் வழியாக வந்தது. அதாவது, தலை வாசலைப் பார்த்து நின்றது. தரையை இறக்கும் முன் அந்தரத்திலேயே அரை வட்டம் திருப்ப வேண்டும். காலையில் தரைக்காரரே இதைச் சொன்னார். மத்தியானம் கிரேனுக்குச் சைகை காட்டியதும் அவரே.

கிரேன் ஓட்டுபவர் அவர் மனைவியின் தம்பி. உயரத்திலேயே உட்கார்ந்திருப்பதால் பட்டறையில் அவர் பெயர் ஆகாசம். போன வாரம் தரைக்காரர் வீட்டில் மின்விசிறி மாட்டிக் கொடுத்தவர் அவர். தரை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பேச்சு அந்த மின்விசிறிக்குப் போனது.

“மாப்ள! உன் ஃபேன் குடிகாரன் மாதிரி ஆடுதுடா!”

“ஃபேன் நேராத்தான் இருக்கு மாமா! உங்க வீட்டு மேல்தளம் கோணல்!”

“வீடே கோணல், உன் ஃபேன் மட்டும் நேரா?”

“எங்க அக்கா இருக்கிற வீடு. நேரா இருந்தாத்தான் அதிசயம்!”

கீழே இருந்த ஆறேழு பேரும் சிரித்தார்கள். தரைக்காரர் பதிலடி கொடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கை, பழக்கத்தில், இறக்கு என்று சைகை காட்டிவிட்டுக் கீழே வந்தது. தரையும் வந்தது. அரை வட்டம் அந்தரத்திலேயே தங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம், வெல்டிங் முடிந்து சுவரும் ஏறிய பிறகு, பிரேக் குழாயின் பிடிகளைப் பார்க்க வால் பக்கம் கீழே படுத்தார். வழக்கம்போலத் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி மேலே இரண்டு சட்டங்களுக்கு நடுவே செருகப் பார்த்தார். வால் பக்கத்தில் அது சட்டங்களுக்கு இடையே கெட்டியாக மாட்டிக்கொண்டு நிற்கும்; ஆணியில் மாட்டியது போல. அன்று நிற்கவில்லை. இடைவெளியில் புகுந்து, தகட்டில் முட்டி, திரும்பி அவர் மூக்கிலேயே விழுந்தது.

அவர் அடுத்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார். அதற்கடுத்ததில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். வெட்டி எடுத்துத் திருப்பி வைக்க மூன்று நாள் ஆகும். பட்டறை அதைவிடப் பெரிய முட்டாள்தனங்களைப் பார்த்திருக்கிறது. தடுத்தது வேறு. முந்தின நாள் காலையில்தான் ஒரு வெல்டர் மட்கார்டுப் பிடியை இடம் மாற்றி ஒட்டிவிட்டார் என்று, அத்தனை பேர் முன்னாலும் நிற்கவைத்துக் கால் மணி நேரம் கிழித்திருந்தார். “இரும்புக்குத் தலை எது வால் எதுன்னு தெரியாது. உனக்குமா தெரியாது?” இதே வார்த்தை. அந்த வெல்டர் மட்கார்டை அறுத்து எடுக்கும்வரை தரைக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். இப்போது நாற்பதடித் தரையைத் தானே மாற்றி வைத்திருக்கிறேன் என்று அந்த வெல்டரைத் தாண்டிப் போய் மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

நாளைக்குச் சொல்வோம் என்று வீட்டுக்குப் போனார். மறுநாள் நகராட்சியிலிருந்து பரிசோதகர் வந்தார். கீழே குனிந்து எண்ணினார். “நாற்பது. சரி” என்று டிக் போட்டார். அவர் தாளில் எத்தனை என்றுதான் கேட்டிருந்தது. எங்கே என்று கேட்கவில்லை. வண்டி புறப்பட்டுப் போனது. தரைக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். தான் செய்த வண்டியின்மேல் எவ்வளவு பாசம் என்று வாட்ச்மேன் வியந்தார்.

வாரவிடுமுறை வந்ததும் முதல் வேலையாக அந்த மேட்டுக்குப் போனார். அங்கே லோடர் ஓட்டுவது ஒரு பெண். நாற்பது வயது, வாயும் லோடரும் ஒரே வேகம். பன்னிரண்டின் வாலில் அவர் கொட்டுவதைப் பார்த்தபோது ஒவ்வொரு இடியும் தரைக்காரருக்குத் தன் முதுகில் விழுந்தது.

“தங்கச்சி, ஒரு உதவி. இந்த வண்டியை மட்டும் பின்னால வாங்காம, மேட்டை ஒட்டிப் பக்கவாட்டுல நிக்கச் சொல்லி, கனமானதையெல்லாம் தலைப் பக்கம் கொட்டேன்.”

“ஏன் அண்ணே, இதுக்கு மட்டும் மாப்பிள்ளை மரியாதை?”

“சும்மா... ஒரு பரீட்சை.”

“பரீட்சை வண்டிக்கா, எனக்கா?”

எனக்குத்தான் என்று வாய்வரை வந்தது. “வண்டிக்கு” என்றார். அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “தலை எதுவரைக்கும்னு நான் மேல இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கோடு கீடு போட்டுக் குடுங்க” என்றார். அடுத்த வாரம் ஒரு டப்பா பெயிண்டும் பிரஷ்ஷும் கொண்டுபோய், பன்னிரண்டின் விலாவில், நெருக்கம் முடியும் இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். கோட்டுக்கு முன்னால் கொட்டினால் பாதகமில்லை. உண்மையை ஒளித்துவைக்கப் போட்ட கோடு, உண்மை எங்கே இருக்கிறது என்பதை மிகச் சரியாகக் காட்டிக்கொண்டு ஊரெல்லாம் போய்வந்தது.

எட்டு மாதம், ஒரு விடுமுறை தவறாமல் போனார். கீழே படுத்து ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் தட்டிப் பார்த்தார். பன்னிரண்டு குழந்தை மாதிரி இருந்தது.

கெட்ட காலம் அங்கிருந்துதான் தொடங்கியது. பக்கவாட்டில் நிறுத்திக் கொட்டினால் வாளியால் தள்ளும் வேலை மிச்சம். பன்னிரண்டு மற்ற வண்டிகளைவிட ஆறு நிமிடம் முன்னதாக நிரம்பியது. இதை நகராட்சி அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கோடு யார் போட்டது என்று விசாரித்தார். பத்து நாளில் மேனேஜர் பல்லெல்லாம் தெரியத் தரைப் பிரிவுக்கு வந்தார்.

“என்ன ஓய், பூனை மாதிரி இருந்துக்கிட்டுப் புலியை ஒளிச்சு வச்சிருக்கீரே! இருபது வண்டிக்கும் கோடு போடணுமாம். உமக்குப் பாராட்டுப் பத்திரம்.”

மற்ற வண்டிகளின் தரை சரியாக இருக்கிறது; அவற்றின் தலைப் பாதி இடி வாங்கப் போட்டதே அல்ல. “வேண்டாம் சார்” என்றார் தரைக்காரர்.

“எது வேண்டாம்?”

“கோடு. பத்திரம். எல்லாமே. அது ஒண்ணும் பெரிசில்ல சார். தயவுசெஞ்சு வேண்டாம்.”

“இதுதான்யா உம்மகிட்ட எனக்குப் பிடிச்சது” என்றார் மேனேஜர். தன்னடக்கமே உருவானவர் என்ற வரி அன்றைக்குத்தான் பிறந்தது.

பத்திரம் வாசித்துக் கை தட்டியபோது தட்டாத கை ஒன்றுதான். டிசைன் மேடம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைவதற்குள் மேனேஜரிடம் போனார்.

“சார், தலைப் பாதி இதுக்குத் தாங்காது. பதினெட்டு அங்குல இடைவெளி.”

“பன்னிரண்டு எட்டு மாசமா தாங்குதேம்மா. உங்க கணக்கு கொஞ்சம் பயந்த சுபாவம் போல.”

இரும்பு சாட்சி சொல்லும்போது காகிதம் என்ன சொல்ல முடியும்? மேடம் தரைக்காரரைத் தேடி வந்தார். “எனக்காக ஒண்ணு பண்ணுங்க. பன்னிரண்டுக்குக் கீழ படுத்து, தலைப் பாதி இடைவெளியை அளந்து எழுதிட்டு வாங்க.”

“நீங்களே ஒரு தடவை வந்து...”

“நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி.”

போனார். படுத்தார். டேப்பைப் பிடித்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. தாளில் எழுதினார்: பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. எழுத்துக் கோணியிருந்தால் பிற்பாடு நினைத்துக்கொள்ள ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும். எழுத்து அச்சடித்த மாதிரி அழகாக விழுந்தது.

அதன் பிறகு மூன்று வாரம், தரைப் பிரிவுக்கும் மேடத்தின் அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடிச் சுவர் அவருக்குத் தண்டனையாகிவிட்டது. மேடம் போடுவார், அழிப்பார், போடுவார். பழைய தாள்களையெல்லாம் இறக்கிவைத்து முதல் வண்டியிலிருந்து சரிபார்த்தார். மதியச் சாப்பாட்டைத் திறந்தபடியே மூடினார். ஒரு நாள் டீ இடைவேளையில் அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்க தப்புன்னே பிடிபடல. சின்னத் தப்புன்னா கண்டுபிடிச்சிருப்பேன். அடிப்படையிலேயே ஏதோ தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கேன் போல. அப்படின்னா இதுவரைக்கும் நான் போட்டது எல்லாமே...”

தரைக்காரர் டம்ளரைப் பார்த்தார். டம்ளரில் டீ இருந்தது. அதைத் தவிர அவருக்கு வேறு எதையும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அதற்குள் ஐந்து வண்டிகளுக்குக் கோடு போட்டாகிவிட்டது. பதினைந்தாம் வண்டி இரண்டு வாரம் தாங்கியது. பிறகு ஒரு காலையில், கோட்டுக்கு முன்னால் விழுந்த உடைந்த கல்தொட்டியோடு தரை நாலு விரல்கடை உள்வாங்கி, ஒட்டு வாய் பிளந்து, கறுப்புத் தண்ணீர் சாலை நெடுகக் கோலமில்லாத கோடாக ஒழுகிக்கொண்டே போனது. அடிபட்டவர் யாரும் இல்லை. நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது.

மேனேஜர் யோசித்த விதம் நேர்மையானது, அதில்தான் கொடுமை. ஒரே வரைபடம், ஒரே இரும்பு. ஒன்று தாங்குகிறது, ஒன்று தாங்கவில்லை. தரையை வைத்ததிலோ அளந்ததிலோ தப்பு இருக்க முடியாது, அளந்தவர் தரைக்காரர். மிச்சம் இருப்பது கணக்கு. “வடிவமைப்புக் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது” என்று ஒரு கடிதம் தயாரானது. வெள்ளிக்கிழமை மேடம் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கே அப்படித்தான் தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் தரைக்காரர் வீட்டில் மனைவியையும் மைத்துனரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். தலைக்கு மேலே மின்விசிறி ஆடிக்கொண்டே சுற்றியது. சொல்லி முடித்து, “மாப்ள, உன் பேரும் வரும். இறக்கினது நீ” என்றார்.

ஆகாசம் தலையைச் சொறிந்தார். “அது தெரியும் மாமா.”

“என்ன தெரியும்?”

“மாத்தி இறக்குறோம்னு. மேல இருந்து பார்த்தா உள்ளங்கை மாதிரி தெரியுமே.”

“அடப்பாவி! ஏன்டா சொல்லல?”

“நீங்க தரைக்காரர். கை காட்டுறீங்க. ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் நீங்க லீவு நாள் தவறாம அந்த வண்டியைப் போய்ப் பார்த்தீங்களா, ஏதோ பெரிய ஆராய்ச்சின்னே முடிவு பண்ணிட்டேன்.”

தன் பெயர்மேல் மற்றவர் வைத்த நம்பிக்கை எத்தனை பேரை ஊமையாக்கியிருக்கிறது என்று தரைக்காரர் அன்று எண்ணிப் பார்த்தார். லோடர்காரப் பெண், மேனேஜர், மேடம், சொந்த மைத்துனர். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் வாயை மூடினார். மூடிய வாயை அந்த நம்பிக்கையே காவல் காத்தது.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?”

“வேலை போகாது. ஆனா அவங்க கணக்கை இனிமே யாரும் நம்பமாட்டாங்க. அவங்களே நம்பமாட்டாங்க.”

மனைவி எழுந்துபோய் பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் கழுவித் துடைத்து, அவர் பையில் வைத்தார். “இதையும் எடுத்துட்டுப் போங்க. ஒரு மாசமா என் டீயைக் குறை சொன்னீங்களே, அதுக்கு ராத்திரி சாப்பாடு கிடையாதுன்னு சொல்லணும். பாவம், போனாப் போகுது.”

வெள்ளிக்கிழமை காலை டயர் மாற்ற வந்த பன்னிரண்டு முற்றத்தில் நின்றது. கையெழுத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தரைக்காரர் மேடத்தின் அறை வாசலில் நின்று, “மேடம், ஒரு நிமிஷம் பன்னிரண்டுகிட்ட வரணும்” என்றார். டேப் எடுக்கப் போனவரைத் தடுத்துத் தன் ஹெல்மெட்டைக் கொடுத்தார். “இது போதும். தலைப் பக்கம் கீழ போய், ரெண்டு சட்டத்துக்கு நடுவுல செருகிப் பாருங்க. அப்புறம் வால் பக்கம் வந்து பாருங்க.”

மேடம் கீழே போனார். தலைப் பக்கம் ஹெல்மெட் மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பு வால் பக்கம் நகர்வது தெரிந்தது. அங்கே ஹெல்மெட் தகட்டில் ணங்கென்று முட்டியது. இன்னொரு ணங். இன்னொன்று.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் முதலில் தெரிந்தது சந்தோஷம். தன் கணக்கு சரி என்று தெரிந்தவரின் கலப்படமற்ற சந்தோஷம். அது ஐந்து விநாடி இருந்திருக்கும். பிறகு அவருக்கு இன்னொன்று புரிந்தது.

“போன மாசம் நீங்க கீழ படுத்தப்ப இதைத்தானே பார்த்தீங்க?”

“ஆமா மேடம்.”

“பார்த்துட்டுத்தான் பதினெட்டுன்னு எழுதினீங்க.”

“ஆமா மேடம்.”

“நான் அந்த மூணு வாரமும் உங்களுக்கு எதிர்லயேதான் உட்கார்ந்திருந்தேன்.”

மேடம் ஹெல்மெட்டை அவர் கையில் கொடுக்கவில்லை; தரையில் வைத்தார். “எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நடந்தது அதிகமில்லை. ஐந்து வண்டிகளிலும் கோட்டைச் சுரண்டி எடுத்தார்கள். பன்னிரண்டின் தரையைத் திருப்புவதைவிடக் கோட்டை வைத்துக்கொள்வது சுலபம் என்று மேடமே கணக்குப் போட்டுச் சொன்னதால், அது மட்டும் இன்னும் கோட்டோடு ஓடுகிறது. பதினைந்தின் தரையைத் தரைக்காரர்தான் சரிசெய்தார். தரைப் பிரிவின் பொறுப்பு மட்கார்டு வெல்டருக்குப் போனது. அவர் முதல் நாளே, தரையின் ஒரு முனையில் தலை என்றும் மறுமுனையில் வால் என்றும் முழம் உயர எழுத்தில் பெயிண்டால் எழுதச் சொன்னார். தரைக்காரர் எழுதினார். மேடம் இப்போதும் அவரைத் தரைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார், நல்ல மரியாதையோடு. அளவு மட்டும் தானே போய் எடுக்கிறார்.

பாராட்டுப் பத்திரத்தைத் திரும்பப் பெற விதியில் வழியில்லையாம். மேலதிகாரி கையெழுத்துப் போட்டது. பிளாஸ்க்கை மேனேஜர் வாங்கிக்கொள்ளவில்லை. அது தரைக்காரரின் பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஆகவே அவருடைய கோப்பில் பத்திரத்தின் நகலும் அன்று அவர் எழுதிக் கொடுத்த தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கிளிப்பில் இருக்கின்றன. இரண்டாவது தாளில் உள்ளது இவ்வளவுதான்:

“பன்னிரண்டாம் வண்டியின் தரையைத் தலை வால் மாற்றி இறக்கச் சொன்னது நான். மறுநாளே தெரிந்தது, சொல்லவில்லை. அதை மறைக்க வெள்ளைக் கோடு போட்டேன். அளக்கச் சொன்னபோது ஒன்பதைப் பதினெட்டு என்று எழுதினேன். கணக்கில் பிழை இல்லை.”